ஐக் ஜிம்மர்மனின் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போட்டோம். அதைக் கேட்டுவிட்டுப் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து வந்து, "சார், இதுல ரெண்டு பேர் கிட்டார் வாசிக்கிறாங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் இளைஞராக இருந்தபோது, நண்பர் பிரையன் ஜோன்ஸ் இதே பாடகரின் இசைத்தட்டை அவருக்குப் போட்டுக் காட்டினார். அவரும் இதையேதான் கேட்டார்: கூட வாசிக்கிற அந்த இன்னொருவர் யார்?

இன்னொருவர் கிடையாது. ஒரே ஆள், ஒரே கிட்டார். வலது கைக் கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளில் இடைவிடாமல் நடை போட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற விரல்கள் மேல்சுருதித் தந்திகளில் வேறொரு பேச்சுப் பேசுகின்றன. இரண்டுக்கும் நடுவில் குரல்.

அவர் பெயர் ராபர்ட் ஜான்சன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பாடகர். அவர் பாடியது ப்ளூஸ், அந்த நாட்டுக் கறுப்பின மக்களின் இசை. 1938 ஆகஸ்ட் 16 அன்று, 27 வயதில் இறந்துபோனார். விட்டுப்போனவை 29 பாட்டுகள். அவருடைய பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காதவர்களுக்கும் அவரைப் பற்றி ஒரு கதை தெரிந்திருக்கும். நள்ளிரவில் நாற்சந்தியில் போய் நின்றாராம். உயரமான, கறுத்த ஒருவன் வந்தானாம். கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்து, ஒரு பாட்டு வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். வந்தவன் சாத்தான். கூலியாக அவன் எடுத்துக்கொண்டது ராபர்ட்டின் ஆன்மாவை.

நானும் பல வருஷம் இந்தக் கதையை நண்பர்களிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல மனம் வருவதில்லை. இந்தக் கதை பெரிதாகப் பெரிதாக, ராபர்ட்டுக்கு உண்மையில் கிட்டார் சொல்லிக்கொடுத்த மனிதர் மறைந்தே போனார். அவர் பெயர் ஐக் ஜிம்மர்மன். இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1930 வாக்கில் மிசிசிப்பியின் வடக்கே ராபின்சன்வில் என்ற ஊருக்கு சன் ஹவுஸ் என்ற ப்ளூஸ் கலைஞர் வந்து சேர்ந்தார். பருத்திக்காட்டில் விளைச்சல் பங்குக்கு உழுகிற சனங்கள் சனிக்கிழமை ராத்திரி கூடி ஆடுவார்கள். சன் ஹவுஸும் வில்லி பிரவுனும் வாசிப்பார்கள். ராபர்ட் என்ற பையன் அங்கே வந்து சுற்றிக்கொண்டிருப்பான். மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பான்; ஆசையெல்லாம் கிட்டார் மேல். பெரியவர்கள் களைப்பாற வெளியே போனதும் அவர்கள் கிட்டாரை எடுத்துப் போட்டு நோண்டுவான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, அந்தப் பையனை நிறுத்தச் சொல்லுங்கள், காது தாங்கவில்லை என்று முறையிடுவார்களாம். இதையெல்லாம் 1960-களில் சன் ஹவுஸே ஆய்வாளர்களிடம் சொன்னார்.

அப்புறம் பையன் ஊரைவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்தபோது முதுகில் சொந்தக் கிட்டார். சன் ஹவுஸ் கேலி செய்துகொண்டே இடம் விட்டுக் கொடுத்தார். பையன் உட்கார்ந்து வாசித்து முடித்தபோது அங்கிருந்த எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். இடைப்பட்ட காலம் ஆறு மாதம் என்பது சன் ஹவுஸின் ஞாபகம். உண்மையில் ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகியிருக்கும். முப்பது வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கிறவருக்கு அந்தக் காலம் சுருங்கிப்போனது. சுருங்கச் சுருங்க, சாத்தான் நுழைய இடம் கிடைத்தது.

இதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்றை நாம் மறக்கக் கூடாது. 1929 பிப்ரவரியில் ராபர்ட்டுக்கும் வர்ஜினியா டிராவிஸ் என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு பேருமே பதின்வயதுப் பிள்ளைகள். அடுத்த வருஷம் ஏப்ரலில் வர்ஜினியா பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் போயிற்று. பல வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர் அவளுடைய உறவினர்களைத் தேடிப்பிடித்துப் பேசினார். தேவாலயப் பாட்டை விட்டுவிட்டு ஊர்ப்பாட்டு பாடப் போனவனுக்குக் கிடைத்த தண்டனை அது என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்துச் சபைப் பேச்சில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றான் என்றால் அர்த்தமே அதுதான்: ப்ளூஸ் பாடப் போய்விட்டான். வைதவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அது புரிந்தது. வெளியிலிருந்து வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, நாற்சந்தி எங்கிருந்து வந்தது? அந்தக் கதை முதலில் ராபர்ட்டைப் பற்றியதே இல்லை. டாமி ஜான்சன் என்று இன்னொரு மிசிசிப்பிப் பாடகர் இருந்தார். பெயர்தான் ஒன்று, உறவு இல்லை. அவருடைய அண்ணன் லெடெல், டேவிட் எவன்ஸ் என்ற ஆய்வாளரிடம் இதை விவரமாகச் சொன்னார்: பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே நாற்சந்திக்குப் போய்விட வேண்டும், ஒரு பெரிய கறுத்த ஆள் வருவான், கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்துத் தருவான் என்று. டாமியே தன்னைப் பற்றி ஊரில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இரண்டு ஜான்சன்களில் ஒருவர் உலகப் புகழ் பெற்றதும் கதை அவர் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டுப் பகுதியில் வாழும் ஃபோன் மக்களுக்கு லெக்பா என்று ஒரு தெய்வம் உண்டு. நைஜீரியாவின் யொருபா மக்களிடம் எஷு. சந்திகளுக்கும் வாசல்களுக்கும் உரிய தெய்வங்கள். அடிமைக் கப்பலில் வந்தவர்களோடு இந்த நினைவும் வந்தது. சாத்தான் என்ற பெயர் அதன்மேல் பிற்பாடு ஏறியது. 1930-களில் ஹாரி ஹையட் என்ற பாதிரியார் தென் மாநிலங்களில் ஊர் ஊராகப் போய்க் கறுப்பின மக்களின் மாந்திரீக வழக்கங்களைக் கேட்டு எழுதினார். அதில் நாற்சந்திச் சடங்கு திரும்பத் திரும்ப வருகிறது. பாஞ்சோ என்ற தந்திக்கருவி கற்க, பிடில் கற்க, சூதாட்டப் பகடையில் கை ஓங்க, எல்லாவற்றுக்கும் அதே இடம். ஒரு நாள் போனால் காரியம் ஆகாது. கருவியை எடுத்துக்கொண்டு பல நாள் விடாமல் போய், அங்கே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கடைசி நாளில்தான் அவன் வருவான். அவன் செய்வதையும் கவனியுங்கள்: கருவியை வாங்குகிறான், சுருதி சேர்க்கிறான், வாசித்துக் காட்டுகிறான், திருப்பிக் கொடுக்கிறான். குருவும் அதைத்தானே செய்வார்? அந்த மக்களின் கதையில் பயிற்சியும் இருந்தது, ஆசிரியரும் இருந்தார். வெளியூர்க்காரர்கள் கைக்குப் போனபிறகுதான் எல்லாம் ஒரே ராத்திரி வியாபாரமாகச் சுருங்கியது.

இப்போது ஐக் ஜிம்மர்மன். ராபர்ட் பிறந்த ஹேசல்ஹர்ஸ்ட், மாநிலத்தின் தெற்கே இருக்கிறது. மனைவி போனபின் அவர் அந்தப் பக்கம் போனார். அங்கிருந்து சில மைல் தூரத்தில் பியூரகார்ட் என்ற சிற்றூர். அங்கே குடும்பத்தோடு இருந்தவர் ஐக். வாரக்கடைசிகளில் கிட்டார் வாசிப்பார். ராபர்ட்டை வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இந்தப் பையனும் நம் குடும்பத்து ஆள்தான் என்று ஐக்கின் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கேயே இருந்தார். ராத்திரி ஆனதும் இரண்டு பேரும் கிட்டார்களை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆளுக்கொரு கல்லறைமேல் உட்கார்ந்துகொண்டு வாசிப்பார்கள். வீட்டில் குழந்தைகள் தூங்கவேண்டும். கல்லறைத் தோட்டத்தில் யாரும் சத்தம் என்று முறையிடப் போவதில்லை. இதை ஐக்கின் மகளே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மனைவியையும் குழந்தையையும் புதைத்துவிட்டு வந்திருக்கிற இருபது வயதுப் பையன், நடுராத்திரியில் கல்லறைமேல் உட்கார்ந்து, எதிரே இருக்கிறவரின் விரல்களைப் பார்த்து அதே இடத்தை மறுபடி மறுபடி வாசிக்கிறான். நாற்சந்திக் கதையில் வருகிற இருட்டும் பயமும் இங்கேயும் இருக்கின்றன. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் நம்மைப் போன்ற ஒரு மனிதர். மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போகவேண்டியவர்.

ஐக் மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. ராபர்ட்டுக்குக் காது அப்படி. அவரோடு ஊர் ஊராகத் திரிந்த ஜானி ஷைன்ஸ் சொல்லியிருக்கிறார்: வானொலியில் ஏதோ பாட்டு ஓடும், ராபர்ட் யாருடனோ பேசிக்கொண்டிருப்பார், கவனிக்கிற மாதிரியே தெரியாது. பிறகு ஒருநாள் அதே பாட்டை அச்சு மாறாமல் வாசிப்பார். லெராய் காரின் பியானோ, லானி ஜான்சனின் கிட்டார், ஸ்கிப் ஜேம்ஸ், கோகோமோ ஆர்னல்ட் என்று இசைத்தட்டுகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஏராளம். ஸ்கிப் ஜேம்ஸ் 1931-ல் பதிவு செய்த துப்பாக்கிப் பாட்டு ஒன்று, பெயரில் இருக்கும் துப்பாக்கி எண் மாறி ராபர்ட்டிடம் வருகிறது. பியானோக்காரர் இடது கையால் உருட்டுகிற அடித்தாளத்தைக் கிட்டாரின் கீழ்ச்சுருதித் தந்திகளுக்குக் கொண்டுவந்ததுதான் நம் தம்பிக்கு இரண்டு பேராகக் கேட்டது.

1936 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் பதிவு. அடுத்த ஜூனில் டல்லாஸில் இரண்டாவது. அவ்வளவுதான். சில பாட்டுகளை இரண்டு தடவை பதிந்திருக்கிறார்கள், இரண்டும் கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அதே சொல், அதே திருப்பம், அதே இடத்தில் மூச்சு. மூன்று நிமிஷத் தட்டுக்குள் அடங்கும்படி முன்கூட்டியே யோசித்துச் செதுக்கி வைத்திருக்கிறார். ஏதோ ஒரு சக்தி உள்ளே புகுந்து ஆட்டிவைத்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்தவரின் தெளிவு கேட்கிறது.

1961-ல் கொலம்பியா நிறுவனம் அந்தப் பாட்டுகளைத் தொகுத்து நீள இசைத்தட்டு வெளியிட்டபோது, அட்டையில் போட அவருடைய புகைப்படம் ஒன்றும் அவர்களிடம் இல்லை. மேலிருந்து பார்த்தது போல, குனிந்து கிட்டார் வாசிக்கிற ஓர் உருவத்தை வரைந்து அட்டையில் போட்டார்கள். இறப்புச் சான்றிதழ்கூட 1968-ல்தான் கிடைத்தது. சாவுக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'மருத்துவர் இல்லை' என்று எழுதியிருக்கிறது. முகம் இல்லை, சாவுக்குக் காரணம் தெரியவில்லை, புதைத்த இடம் உறுதியாகத் தெரியாததால் மூன்று இடங்களில் கல்லறை. அந்த வெறுமையில் சாத்தான் வசதியாக உட்கார்ந்துகொண்டான். வயலின் மேதை பகனினியையும் ஐரோப்பாவில் பிசாசின் பிள்ளை என்றார்கள். அவர் உயிரோடு இருந்ததால், தன் தாய் எழுதிய கடிதத்தை அச்சிட்டு மறுத்தார். ராபர்ட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மெம்பிஸில் அவரோடு வளர்ந்த தங்கை முறை ஒருவர், தொண்ணூறு வயதைத் தாண்டியபின் 2020-ல் தன் நினைவுகளை வெளியிட்டு அவருக்காகப் பேசினார். அந்த நினைவுகளில் இருப்பவர், ஜிம்மி ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகரின் நாட்டுப்புறப் பாட்டுகளை வீட்டுப் பிள்ளைகளோடு பாடுகிற அண்ணன்.

கடைசியாக, நீங்கள் முதலில் கேட்ட பாட்டுக்கு வருகிறேன். அதன் பெயரே 'கிராஸ் ரோட் ப்ளூஸ்'. அதில் சாத்தான் ஓர் இடத்திலும் வருவதில்லை. நாற்சந்தியில் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார். போகிற வண்டிகளை நிறுத்தப் பார்க்கிறார்; எல்லோரும் கடந்துபோகிறார்கள், தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பொழுது சாய்கிறது. இதைப் புரிந்துகொள்ள மந்திரவாதம் வேண்டாம். ராபர்ட் பிறப்பதற்கு முன்பே, அவர் தாயின் கணவர் சார்லஸ் டாட்ஸ், வெள்ளைக்கார நில உரிமையாளர்களோடு ஏற்பட்ட தகராறில், கும்பல் கையில் சிக்காமல் ஹேசல்ஹர்ஸ்ட்டைவிட்டு மெம்பிஸுக்கு ஓடி, ஸ்பென்சர் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர். அந்த வீட்டில் வளர்ந்த பையனுக்கு, தெரியாத ஊரின் சந்தியில் இருட்டும் நேரத்தில் தனியாக மாட்டிக்கொண்ட கறுப்பினத்தவனுக்கு என்ன நேரும் என்று நன்றாகவே தெரியும். பயம் உண்மை. பயமுறுத்தியவர்களுக்குக் கொம்பும் வாலும் கிடையாது.

ஐக் ஜிம்மர்மன் ஓர் இசைத்தட்டுகூடப் பதிவு செய்யவில்லை. அவர் எப்படி வாசித்தார் என்று கேட்க நமக்கு இருப்பது இந்த மாணவனின் விரல்கள்தான். நண்பரே, அந்தப் பாட்டை மறுபடி போடுங்கள், ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நீங்கள் எல்லோரும் குரலைச் சற்று விட்டுவிட்டு, கீழே நடந்துகொண்டிருக்கிற அந்தக் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள்.