காதுக்குள் ஒரு நாடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், எங்கோ தொலைவில் யாரோ துணி அலசுவதைப்போல் 'உஷ்... உஷ்...' என்று என் இடக்காதில் ஓர் ஓசை கேட்டது. புரண்டு படுத்தும் அது நிற்கவில்லை. எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தபோது, நாடி துடித்த ஒவ்வொரு முறையும் காதிலும் ஓர் 'உஷ்' எழுந்தது.

பலரும் சொல்லும் காது இரைச்சல் இதுவன்று. அது பெரும்பாலும் வண்டின் ரீங்காரம்போல் இடைவிடாமல் ஒலிப்பது. அதற்கு ஈடான ஒலி எதுவும் உடலுக்குள் இராது. நாடியோடு சேர்ந்து ஒலிக்கும் இரைச்சலிலோ, பெரும்பாலும் ரத்தம் ஓடும் ஓசையே காதில் விழுகிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி உட்செவியை அடுத்த எலும்பைத் துளைத்துக்கொண்டுதான் மேலே போகிறது. மூளையிலிருந்து இறங்கும் பெருஞ்சிரையும் காதின் பின்புற எலும்பை ஒட்டியே வளைகிறது. இவற்றில் எங்கேனும் குறுகல் ஏற்பட்டு ரத்தம் சுழித்து ஓடினாலோ, இடையிலுள்ள எலும்பு மெலிந்துவிட்டாலோ, ரத்தசோகையாலோ தைராய்டு மிகுதியாலோ ஓட்டம் விரைவுபட்டாலோ அந்த ஓசை கேட்கத் தொடங்கிவிடும்.

நான் முதலில் பார்த்த மருத்துவர், தூக்கம் குறைந்ததால் வந்த பிரமை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தச் சொல் ஓசையைவிட அதிகமாக என்னை வருத்தியது. அடுத்துப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவரோ, காதுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நெடுநேரம் உற்றுக் கேட்டார். பிறகு கழுத்தின் இடப்பக்கத்தை இரு விரல்களால் மெல்ல அழுத்தினார். ஓசை நின்றது. பல மாதங்களுக்குப் பின் கிடைத்த அந்த நிசப்தத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. (அருகிலேயே தமனியும் ஓடுவதால், இதை நீங்களாகச் செய்துபார்க்க வேண்டாம்.) அழுத்தியதும் அடங்கியதால் சிரையைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சிரையின் குறுகல் தெரிந்தது. சிலருக்கு அங்கே ஸ்டென்ட் என்னும், குறுகலை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாயை வைப்பதுண்டு. மண்டைக்குள் அழுத்தம் கூடியதற்கு அடையாளமான கண் நரம்பு வீக்கம் இல்லாததால், எனக்குக் கண்காணிப்பே போதும் என்று முடிவாயிற்று.

பகலில் பிற ஒலிகள் இதை மூடிவிடுகின்றன, இரவில்தான் பாடு. பயந்தால் இதயம் விரைகிறது, காதில் ஓசையும் விரைகிறது, அதைக் கேட்டுப் பயம் இன்னும் கூடுகிறது. தலையணையை உயர்த்தி, மழையோசைப் பதிவைத் தணிவாக ஒலிக்கவிட்டு உறங்கப் பழகியபின்தான் அந்தச் சுழலிலிருந்து ஓரளவு மீண்டேன்.

உங்கள் வீட்டில் யாரேனும் இப்படி ஓசை கேட்கிறது என்றால், அதன் தாளத்தை மேசைமேல் தட்டிக் காட்டச் சொல்லி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தலைவலியும், பார்வை மங்கி மங்கித் தெளிவதும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.