எண்ணூர்க் கரையும் வாளியும்

நேயர்களுக்கு வணக்கம். 2017 ஜனவரி 28, விடியற்காலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே எரிவாயுக் கப்பல் ஒன்றும் எண்ணெய்க் கப்பல் ஒன்றும் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. பின்னால் வந்த கணக்குகளோ 200 டன்னை ஒட்டியும் அதற்கு மேலும் போயின.

அதன் பிறகு நாடே பார்த்த காட்சி, எர்ணாவூர்ப் பாறைகளில் வாளி வாளியாக எண்ணெயை அள்ளியது. அரசிடம் வாளிதான் இருக்கிறதா என்று கேலி செய்தார்கள். நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். அது கப்பலுக்கு எரிபொருளாகும் கனத்த எண்ணெய். அலை அடிக்க அடிக்கத் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பி, களிபோல ஆகிவிடும். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள், குழாய் அடைத்துக்கொண்டது. பாறை இடுக்கில் கையைவிட்டு வழித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம், "மிஷினுக்கே இது செரிக்கல சார், வாளிதான் கேக்குது" என்றார். முழங்கைவரை கருப்பு. தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் அதை எடுக்க முடிந்தது.

ஆகவே வாளியை விடுங்கள். நான் கேட்பதெல்லாம், வாளி எடுக்கும் நிலைமை ஏன் வந்தது? கப்பலைச் சுற்றி மிதவைத் தடுப்பை முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால் எண்ணெயைக் கடலிலேயே வளைத்துவிடலாம். கரை ஏறிய பிறகு வாளிதான். எண்ணெய்க் கசிவுக்கென்று தேசியத் திட்டம் 1996 முதல் இருக்கிறது. கடலில் கடலோரக் காவல்படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரைக்கு வந்தால் மாநில அரசு என்று பொறுப்பைப் பிரித்திருக்கிறார்கள். தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் துறைமுகத்துப் பக்கம் மிதக்கிற எண்ணெய், மறுநாள் மாநிலத்தின் கரையில் ஒதுங்குகிறது. கோப்பு அவ்வளவு வேகமாக ஒதுங்குமா? கசியவில்லை என்று அறிக்கை விட்ட பிறகு அடுத்த மேசைக்காரர் எதற்கு எழுந்து ஓடப்போகிறார்? இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதல் சில மணி நேரம்.

சரி, பாடம் படித்தோமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெள்ளத்தோடு போன எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பரவியது. அலையாத்திச் செடிகள் தண்டுவரை கருத்தன, கூழைக்கடாக்கள் எண்ணெயில் தோய்ந்து நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்தது. அள்ளும் வேலையில் முன்னால் நின்றவர்கள் யார்? மீனவர்கள்தான். இந்த முறை படகில் உட்கார்ந்து, மக்கால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். வலையை இழந்தவரையே கூலிக்கு அள்ளவைப்பது எனக்கு உறுத்துகிறது. அந்தக் கூலியை வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் அவர்கள் இல்லை.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். நிவாரணம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 2023 கசிவுக்குப் பிறகு, மிகவும் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 என்று மாநில அரசு அறிவித்தது. படகுக்குப் பதிவு எண் உண்டு, எண்ணிவிடலாம். முகத்துவாரத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கும் கூடையில் மீன் விற்கும் பெண்களுக்கும் எந்தப் பதிவு எண்ணைத் தேடுவது? அடுத்த கசிவு வரும்வரை காத்திராமல் அந்தப் பட்டியலை இப்போதே எடுத்துவைக்கலாம். நன்றி, வணக்கம்.