காய்ச்சல் போன பிறகு கண் சிவந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

1993 கடைசியில் வைகையில் வந்த வெள்ளம் மதுரைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்து ஊர் தேறியது. ஆனால் மறுவருஷம், கண் சிவந்து பார்வை மங்கிப்போய் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் காரணம் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

எலி, மாடு இவற்றின் சிறுநீர் வழியாகக் கிருமி தேங்கின தண்ணீரில் கலக்கிறது. வெறுங்காலோடு நாற்று நடுகிறவர், தொழுவம் கூட்டுகிறவர் காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே போதும், உள்ளே புகுந்துவிடும். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலில் கை வைக்க முடியாத வலி. மஞ்சள் காமாலை எல்லோருக்கும் வருவதில்லை. அதனால் வந்தது எலிக்காய்ச்சல் என்று தெரியாமலே பலர் தேறிவிடுகிறார்கள். மாசக்கணக்கு கழித்துக் கண் சிவக்கிறபோது, அந்தக் காய்ச்சல் யாருக்கு நினைவிருக்கும்?

இவர்கள் கண்ணைக் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றில் பார்த்தால், கருவிழிக்குப் பின்னால் தெளிவாக இருக்க வேண்டிய நீரில் வெள்ளணுக்கள் தூசியாக மிதக்கும். சிலருக்கு அவை அடியில் படிந்து வெள்ளைக் கோடாகவே நிற்கும்.

வீட்டில் இதை மெட்ராஸ் கண் என்று நினைத்துவிடுகிறார்கள். மெட்ராஸ் கண்ணில் பீளை தள்ளும், இமை ஒட்டும். இதில் பீளை இருக்காது; வெளிச்சம் கூசும், உள்ளே வலிக்கும், பார்வை மங்கும். மெடிக்கலில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டு, தாய்ப்பாலும் விட்டுப் பார்த்து, நாள் கடந்து வருகிறவர்களைக் கண்டால் மனசு ஆறவில்லை. காலத்தோடு வந்தால் பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பிவிடும்.

"கண்ணைக் காட்ட வந்தா காய்ச்சலைக் கேக்குறீங்களே, டாக்டர்" என்பார்கள். கேட்டே ஆக வேண்டும். காசநோய், மூட்டுவாதம், தைராய்டு எல்லாம் கண்ணைத் தொடும். போன மழைக்காலத்துக் காய்ச்சலைக்கூடச் சொல்லுங்கள், தினம் சாப்பிடுகிற மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. விழித்திரையில் ரத்தக் குழாய் கசிகிறபோது வலி இருக்காது, ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. நன்றாகத்தானே தெரிகிறது என்று இருந்துவிடாமல், வருஷத்துக்கு ஒரு தடவை கண் பாப்பாவை விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து விட்டபின் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.