சூட்டில் கிளம்ப மறுக்கும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. நான் மெக்கானிக் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், அங்கே அணையைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்துக் கிளம்ப முடியாமல் தவித்தவர்கள் பலர். காலையில் சாவியைத் திருப்பியதுமே கிளம்பிய வண்டிதான். இன்னும் அரை மணி நேரம் பொறுத்தால் மறுபடியும் கிளம்பிவிடும்.

ஓடும்போது எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீர் அதன் சூட்டை ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைக்கிறது. நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, எதிர்க்காற்றும் இல்லை. இரும்பில் தேங்கிய சூடு மேலே கிளம்புகிறது. பானட்டுக்கு அடியில் வெப்பம் ஏறுவது வண்டி நின்ற பிறகுதான். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகளோ 40 டிகிரிக்கே கொதித்துவிடும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய பத்மினி, அம்பாசடர் வண்டிகளில் இதனால் இரண்டு கோளாறுகள் வரும். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், திரவத்தை இழுக்கச் செய்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். கார்புரேட்டர் கிண்ணத்தில் கொதித்தால், பெட்ரோல் வழிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். ஒன்று பஞ்சம், மற்றது வெள்ளம். வேறுபாட்டை மூக்கே சொல்லும். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் வெள்ளம். அப்போது ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு மிதியும் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். ஒரே அழுத்தாகக் கடைசிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் கொடுங்கள். வாடை இல்லையென்றால், பழைய ஓட்டுநர்கள் செய்ததுபோல ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றுங்கள். ஆவி குளிர்ந்து திரவமாகும். தண்ணீரைப் பழுக்கக் காய்ந்த புகைக்குழாய்ப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

செல்ஃபே மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டாம். பாட்டரி முனைகள், எர்த் கம்பி, செல்ஃப் மோட்டார் என்று பார்த்து வாருங்கள். எப்படியானாலும் பத்து விநாடிக்கு மேல் விடாமல் செல்ஃப் கொடுக்காதீர்கள். ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள்.

இன்றைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. டேங்கிலேயே பம்ப் இருந்து அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்புவதால் ஆவித் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் சூட்டில் மட்டும் மறுக்கும் வண்டிகள் பட்டறைக்கு வருகின்றன. ஓர் ஆசிரியையின் வண்டி எனக்கு மறக்காது. வேறோர் இடத்தில் இரண்டு முறை பாட்டரி மாற்றியிருந்தார்கள். பணம் போனதுதான் மிச்சம். நான் அவரிடம், "அம்மா, வண்டி எப்போதெல்லாம் மறுக்கிறது, நிறுத்தி எத்தனை நிமிடம் ஆனது, செல்ஃப் சுற்றும்போது, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அசைகிறதா, இதை மட்டும் எழுதி வையுங்கள்" என்றேன். இரண்டு வாரத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். காலையில் ஒருமுறைகூட மறுக்கவில்லை. மறுத்ததெல்லாம் பள்ளியிலிருந்து வரும் வழியில் காய்கறிக் கடையில் நிறுத்திய பிறகு. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் முள் அசையவே இல்லை.

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருந்தது. எஞ்சினின் சுழற்சியை உணர்ந்து வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைக் கழற்றினேன். ஆறியிருந்தபோது மீட்டரில் அளவு சரியாகக் காட்டியது. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றியதும் உள்ளிருந்த கம்பிச்சுருள் விட்டுப்போய், அளவு காணாமல் போனது. ஆறவிட்டால் மீண்டும் வந்தது. புதிய சென்சார் மாட்டி, அதே காய்கறிக் கடைவரை அவரோடு போய், கால் மணி நேரம் நிறுத்திவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். முள் எழுந்தது, வண்டி கிளம்பியது.