தூண்டில் புழு ஏன் செத்துப்போவுது? வெயில் காலத்துல புழு பாக்ஸ் பராமரிப்பு | கடலூர் வ்லாக்

வணக்கம் மக்களே, ஃபேன் சத்தம் கொஞ்சம் கேக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, ஆஃப் பண்ணா நான் இங்க வெந்துருவேன். கெடிலம் ஆத்துல கெளுத்தி மீன் புடிச்ச வீடியோ போட்டதுலேர்ந்து ஒரே கேள்விதான் வருது, அண்ணா மண்புழு வாங்கி வெச்சேன் செத்துப்போச்சு, என்ன தீனி போடணும்னு. தீனிய விடுங்க. நம்ம ஊர்ல புழு பசியில சாவறது ரொம்ப கம்மி, சூட்டுலதான் சாவுது. 25 டிகிரி அதுக்கு சொகமா இருக்கும், 30 தாண்டினா திணறும், 35 தொட்டா கூட்டமா போயிரும். அக்னி நட்சத்திரத்துல நம்ம மாடி ரூம் எவ்ளோ இருக்கும் சொல்லுங்க?

சரி பாக்ஸ காட்றேன். இது மீன் பேக் பண்ற தெர்மாகோல் பெட்டி, கடலூர் ஓ.டி., அதாவது ஓல்ட் டவுன் துறைமுகம் பக்கம் பழசு கெடைக்கும், ஆனா உப்பு போவுற வரைக்கும் நல்லா அலசிட்டு வெயில்ல காய வெச்சுட்டுதான் யூஸ் பண்ணணும், உப்பு பட்டா புழு துடிச்சு செத்துரும். மூடியில ஓட்டை போட்டு உள்பக்கம் கொசுவலை ஒட்டியிருக்கேன். பெட்டிய மண்தரையில, பாத்ரூம் சுவர் ஓரமா நெழல்ல வெச்சிருக்கேன், கீழ செங்கல், செங்கல்லுக்குக் கீழ தட்டுல தண்ணி, இல்லன்னா எறும்பு ஒரே ராத்திரியில முடிச்சிரும்.

உள்ள தென்னை நார்க்கழிவு, பழைய சாணம், கிழிச்ச பேப்பர். நார்க்கழிவுலயும் உப்பு இருக்கும், ஊற வெச்சு ரெண்டு மூணு தடவ புழிஞ்சு ஊத்திருங்க. சாணம் நல்லா ஆறி மக்கினதா இருக்கணும், பச்ச சாணம் உள்ளயே சூடு கெளப்பும். தண்ணிதான் நம்ம பக்கம் பெரிய தலைவலி, கடற்கரை ஓரம் போர் தண்ணி கரிக்குது, அதனால மழைத்தண்ணியோ கேன் தண்ணியோ தெளிங்க, குழாய்த்தண்ணின்னா ராத்திரி தொறந்து வெச்சா குளோரின் போயிரும். எவ்ளோ தண்ணின்னா, ஒரு கை அள்ளி புழிஞ்சா ரெண்டு மூணு சொட்டு வரணும், ஒழுகக்கூடாது. புழுவுக்கு நுரையீரல் கெடையாது, தோலுலதான் மூச்சு, தோல் காஞ்சாலும் போச்சு, தண்ணி தேங்கி காத்து போவலன்னாலும் போச்சு.

இதோ கெளர்றேன் பாருங்க... கேமரா கிட்ட வரேன்... இது நல்லா இருக்கு, தொட்டா சட்டுன்னு சுருங்குது, மேல பளபளப்பு இருக்கு. இந்த ஓரத்துல ஒண்ணு பாத்தீங்களா, நடுவுல மணி கோத்த மாதிரி வீங்கி வீங்கி இருக்கு. இது தீனி அதிகமாயி உள்ள புளிச்சுப்போனதோட அறிகுறி, நேத்து தம்பி பழைய சாதம் போட்டிருக்கான்! இத உடனே எடுத்துரணும், ஒண்ணு அழுவினா பக்கத்துல இருக்கறதும் போவும். சாதம், மசாலா, எலுமிச்சை, வெங்காயம் எதுவுமே வேணாம், வாழப்பழத் தோல் கொஞ்சம் போதும், அது தீந்தப்புறம் அடுத்தது. பெட்டியில மண்வாசனதான் வரணும், நாத்தம் வந்தா தீனிய நிறுத்துங்க.

அப்புறம் ஃபிரிட்ஜ் மேட்டர். வெளிநாட்டுக்காரன் ஃபிரிட்ஜுல வெக்கிறான்னு வீடியோ பாத்துட்டு வைக்காதீங்க, அவன் வெச்சிருக்கறது குளிர்நாட்டுப் புழு. இங்க மண்புழு உரம் தயாரிக்கறவங்ககிட்ட வாங்குறது பெரும்பாலும் யூட்ரிலஸ், ஆப்பிரிக்காப் புழு, குளிருல சுருண்டு போயிரும். தடியா நீளமா இருக்கும், முள்ளுல கோக்க அதுதான் எனக்குப் புடிக்கும். எய்சீனியான்னு செவப்பா வரி வரியா ஒண்ணு கெடைக்கும், ஒல்லி, குத்தினா மஞ்சளா தண்ணி விட்டு நாறும், ஜிலேபி மீனுக்கு பரவாயில்ல, கெளுத்திக்கு நான் எடுக்கமாட்டேன்.

மழை வர்ற மாதிரி இருந்தா எல்லாம் மேல ஏறி ஓடப் பாக்கும், புதுசா வாங்கி வெச்சாலும் இதே கததான். ஒரு சின்ன பல்ப போட்டு விட்டுருங்க, வெளிச்சம் ஆவாது, உள்ள போயிரும்.

பெருமாள் ஏரி மாதிரி தூரமா போறப்ப வேணுங்கிற அளவு மட்டும் டப்பாவுல எடுங்க, ஈரச் சாக்கு சுத்தி பைக்குள்ள வைங்க, வண்டி டேங்க் மேல வெச்சா கரைக்குப் போறதுக்குள்ள கஞ்சி ஆயிரும். ஐஸ் பாட்டில் வெச்சீங்கன்னா நடுவுல துணி மடிச்சு வைங்க, நேரா ஒட்டக்கூடாது. கையில கொசு க்ரீம் இருந்தா கழுவிட்டுதான் புழுவ தொடணும். மிச்சம் வர்றத ஏரிக்கரையில கொட்டாதீங்க, வீட்டுக்குக் கொண்டாந்து தனி டப்பாவுல வைங்க, நாலஞ்சு நாள் உசுரோட துறுதுறுன்னு இருந்தா அப்புறமா பெரிய பெட்டியில விடுங்க. இந்த வீங்குன புழுவ நான் இப்பவே கோழிக்குப் போட்டுட்டு, தம்பிய கவனிச்சுட்டு வரேன், பை மக்களே.