ஐந்து கரடிகளும் ஒரு விசிலும்

(பள்ளியில் புதிதாகச் சாரணியர் படை தொடங்கி நடத்துகிற கேப்டனுக்குப் பெரும்பாடு பிள்ளைகளாலா, பெற்றோராலா? கோத்தகிரிப் பட்டிமன்றத்தில் 'பெற்றோராலே' அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும், குளிரில் கம்பளியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எதிரணி அண்ணன் எட்டு நிமிடம் சொல்லிவிட்டார். எனக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார். "சாரணியர் படைக்குக் கேப்டன் எதற்கு? விசில் ஊதத் தெரிந்தால் போதும், ஊட்டி பஸ் கண்டக்டரே நடத்துவார்." நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியவர்களை நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, கண்டக்டருக்கு ஒரு விசில் அடித்தால் நிற்கணும், இரண்டு அடித்தால் போகணும். எங்கள் கணக்கு வேறு. நீளமாக ஒன்று: பேச்சை நிறுத்து, கவனி. குட்டை குட்டையாக விடாமல் ஊதினால் எல்லோரும் ஓடி வந்து கூடணும். மூன்று குட்டை, ஒரு நீளம்: அணித் தலைவிகள் மட்டும் வரணும். ஒரு குட்டை ஒரு நீளம் என்று மாறி மாறி வந்தால் ஆபத்து. பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாத மூடுபனியில் 24 பிள்ளைகளை மலைப்பாதையில் கூட்டிப் போகும்போது, கேப்டனுக்குக் கண் அந்த விசில்தான். கண்டக்டர் பஸ்ஸைக் கூட்டிப் போகிறார். பஸ் பாதி வழியில் பூப்பறிக்க இறங்காது.

சரி, பிள்ளைகளால் பாடு என்கிறாரே. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். யாரும் கூப்பிடாமலே பெண் பிள்ளைகள் வந்து நின்று, நாங்களும் சாரணர்தான் என்றார்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் என்ன செய்வார்? அடுத்த வருஷமே அவர்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. நடத்தும் பொறுப்பைத் தங்கை ஆக்னஸிடம் கொடுத்தார். பிள்ளைகள் என்றைக்கும் தயார் நடுவர் அவர்களே. தயார் ஆகாதவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.

என் படையின் முதல் இரவு முகாமைச் சொல்கிறேன். பள்ளி மைதானத்தில்தான், சுற்றிலும் தேயிலை. அணிக்கு ஆறு பேர், நான்கு அணி. ஒப்புதல் கடிதம் வாங்கவே மூன்று வாரம். ஒரு அப்பா எழுதிக் கொடுத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது: "இரவு முகாமுக்கு மகளை அனுப்பச் சம்மதம். இரவு எட்டு மணிக்குள் வீட்டில் கொண்டுவந்து விடவும்."

நள்ளிரவு. காவல் முறையில் இரண்டு பிள்ளைகள். தேயிலைச் செடிக்குள் சரசரவென்று சத்தம். கறுப்பாக, குண்டாக, நான்கு காலில் ஒன்று வருகிறது. நம் ஊரில் நான்கு காலில் கறுப்பாக வந்தால் என்ன? கரடி! குட்டை, நீளம், குட்டை, நீளம். விசில் பறக்கிறது. நான் கூடாரத்தில் செருப்பைத் தேடுவதற்குள் நான்கு அணியும் வரிசையில். தலைவிகள் எண்ணிச் சொல்கிறார்கள், ஆறு, ஆறு, ஆறு, ஆறு. ஒரு அழுகை இல்லை.

டார்ச் அடித்தேன். கரடி குரங்குக் குல்லாய் போட்டிருந்தது. கையில் பிளாஸ்க்.

அந்த எட்டு மணி அப்பாதான்! கால் வழுக்கித் தவழ்ந்து வந்திருக்கிறார். "என்ன சார் இது?" என்றேன். "கரடி கிரடி வருதான்னு பாக்க வந்தேன் டீச்சர்." சொல்லி முடிக்கவில்லை, பின்னால் இன்னொரு சரசரப்பு. ஒருத்தியின் சித்தப்பா. மரத்துக்குப் பின்னால் ஒரு தாத்தா. தண்ணீர்த் தொட்டி ஓரமாக இன்னொரு அப்பா, அவரும் பிளாஸ்க்கோடு. நான்கு கரடி, இரண்டு பிளாஸ்க். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார்கள். விடியும்வரை கரடிகளுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் நான். யாரால் பாடு? நீங்களே சொல்லுங்கள்.

ஐந்தாவது கரடியை விடிந்தபிறகுதான் பார்த்தேன். வேலியோரம் சேலைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா. இலை பறிக்கிறவர், வீட்டில் வேறு ஆள் இல்லை. உள்ளே வந்திருக்கலாமே என்றேன். "அவ பாத்தா வெக்கப்படுவா டீச்சர்" என்றார். ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

அப்புறம் உறுதிமொழி விழா. அரை நாள் கூலியை விட்டுவிட்டு அந்த அம்மா வந்து, அதே வேலியோரம் நின்றார். மகள் சுண்டுவிரல் நகத்தைப் பெருவிரலால் அழுத்தி, நடு மூன்று விரலையும் நிமிர்த்திச் சொல்கிறாள்: கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமை, பிறருக்கு உதவி, சாரணியர் நெறி. நான் தற்செயலாகத் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கமும் மூன்று விரல் உயர்ந்திருந்தது. இலைக்கறை ஏறிக் கறுத்த விரல்கள். சுண்டுவிரல் மடங்கவில்லை, இடது கையால் பிடித்து மடக்கிக்கொண்டு நின்றார்.

நான் எந்த அணி என்று நடுவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். தெரியவில்லை ஐயா. நிகழ்ச்சியை முடிக்க அப்போது நான் ஒரு விசில் ஊதியிருக்க வேண்டும். வாயில் வைத்தேன், மூச்சு வரவில்லை. கண்டக்டர் அண்ணனாவது ஊதியிருப்பார்.

மணி அடிக்கிறீர்கள். உட்காருகிறேன்.