கோலம் குத்திய கைகள்

நேயர்களுக்கு வணக்கம். வயதான பாட்டி யாராவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் முன்னங்கையைக் கொஞ்சம் பாருங்கள். பச்சை குத்திய புள்ளிக்கோலமோ தேளோ மங்கிப்போன எழுத்தோ இருக்கலாம். யார் குத்தியது என்று கேளுங்கள். "ஒரு குறத்தி" என்பார். பேர் தெரியாது. என் ஆதங்கமே அதுதான்.

எங்கள் பெரியம்மா சொல்வார், "பச்சை குத்தலையோ பச்சை" என்ற குரல் தெருமுனையில் கேட்டதுமே பாதிப் பிள்ளைகள் ஓடி வருவார்களாம், மீதிப் பேர் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, கையை இழுத்து மடியில் வைத்து, குத்தக் குத்தப் பாட்டும் பாடுவாராம், வலி தெரியக் கூடாதே என்று. அப்புறம் அந்த மை! மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் துணியில் திரியாகச் சுற்றி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். கரி கறுப்புதான், தோலுக்கு அடியில் போனபின் பச்சையாகத் தெரிகிறது. கூலி, முறத்தில் கொஞ்சம் நெல், ஒரு பழஞ்சேலை. செத்தால் கூடவே வருவது இந்தப் பச்சை ஒன்றுதான் என்று நம்பிய காலத்தில், இவ்வளவுதான் கூலி!

பிள்ளைகள் பள்ளிக்கூடம், பட்டணம் என்று போனதும் இதே கோலம் பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்தவர்கள் உண்டு. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டதற்குப் பிறகு, ஒரே ஊசியைப் பலருக்குப் போடுவது என்றாலே பயம் வந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் ஆண்கள் கையில் இருந்த பச்சையை யாரும் அவ்வளவு இளக்காரமாகப் பார்க்கவில்லையே? 1970களில் கட்சிக்கொடியைக் கையில் குத்திக்கொள்ளுங்கள் என்று எம்.ஜி.ஆர். சொன்னார், தொண்டர்கள் பெருமையோடு குத்திக்கொண்டார்கள்.

இன்றைக்கு அதே கோலத்தைக் குளிரூட்டிய கடையில் மெஷினால் போடுகிறார்கள், ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்குகிறார்கள். போடட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோலம் யாருடையது என்று கடைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அன்று பச்சை குத்திய குறத்திகளின் குடும்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு வேலையும் கொடுக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு.

பச்சை குத்தியவர்களை வேலைக்கு எடுப்பதற்கான விதிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்கிறார்கள். சுருக்கமாக: ராணுவத்தில் சேர நினைக்கும் தம்பி தங்கைகள், உடம்பில் எந்த இடத்தில் பச்சைக்கு அனுமதி என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள். ஊசி உங்கள் கண்முன் பிரித்த புது ஊசியாக இருக்கட்டும். குத்தியபின் 12 மாதம் ரத்ததானம் செய்யக் கூடாது. நன்றி, வணக்கம்.